குங்குமம் வைத்த பேரிங் கேப்

நட் மூன்று சுற்று போனது. நான்காவது சுற்றில் நின்றுவிட்டது.

சின்ன ஊத்தப்பம் அகலத்துக்கு இருக்கும் வளைய நட் அது. லாரியின் பின் அச்சுக்கு நடுவில், பல்சக்கரங்கள் உட்காரும் இரும்புக் கூட்டில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கும். பேரிங்கை அழுத்திப் பிடிப்பது அதன் வேலை. வெறும் விரலால் சுற்றினாலே கடைசிவரை போக வேண்டும். என் விரலுக்கு அது கரகரவென்று உரசிக் காட்டியது.

"போகுதா புள்ள?" என்று நாற்காலியில் இருந்து குரல் வந்தது. வலது கையில் பெரிய கட்டோடு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"போகுதுங்க," என்றேன்.

இந்தத் தொடரில் இதுவரை நான் சொன்ன பொய்களை எல்லாம் ஒளிக்காமல் எழுதிவிட்டேன். பெண் பார்க்க வந்த அன்று, எதிர்வீட்டில் வாங்கிய பஜ்ஜியை நான் சுட்டது என்று சொன்னது உட்பட. அதை எல்லாம் சொல்லும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒற்றை 'போகுதுங்க'வுக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

ஏனென்றால் அந்த நட் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் பட்டறை. முன்னால் உதிரிபாகக் கடை, அது என் ராஜ்யம். பின்னால் தகரக் கொட்டகை, அது அவருடையது. அவர் பெயர் செங்கோடன். கியர்பாக்ஸ், பின் அச்சு இரண்டிலும் ராசிபுரத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் அவரைத் தேடி வருவார்கள். நான் சொன்னால் பெருமை பேசுவதாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான்.

எந்த வண்டிக்கு எந்த பேரிங், எந்த ஆயில் சீல் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொந்த நாத்தனாரின் போன் நம்பர் தெரியாது. பேரிங் நம்பர் நூற்றுக்கு மேல் மனப்பாடம். அட்டைப் பெட்டியை அசைத்துப் பார்த்தே உள்ளே இருப்பது இன்னது என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் ஒரு நாள்கூட ஸ்பேனரைக் கையில் பிடித்ததில்லை. யாரும் கூடாது என்று சொல்லவில்லை. கடைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு வாசற்படி இருக்கிறது, இருபது வருடமாக நான் அதில் நின்று சாமான் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவரும் என் அலமாரியில் ஒரு வாஷரைக்கூடத் தானாகத் தேடி எடுத்ததில்லை. தேடினாலும் கிடைக்காது, அது வேறு விஷயம்.

இப்படி இருக்கையில்தான் அந்தோணியின் முட்டை லாரி வந்து நின்றது.

உம்மென்று ஒரு சத்தம்

அந்தோணி சேலம் டவுன்காரர். ஒற்றை லாரி, அவரே முதலாளி, அவரே டிரைவர். பண்ணையில் முட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போய்வருவார். ஐம்பதைத் தாண்டினால் பின்னால் உம்மென்று ஒரு சத்தம் வருகிறது என்று ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்தார்.

பின் அச்சுக்குள் இருப்பது டிப்ரன்ஷியல். என்ஜினில் இருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்கே திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுப்பது. சின்ன பினியன் ஒன்று, பெரிய கிரவுன் ஒன்று, இரண்டும் பல்லோடு பல் கடித்துச் சுற்றும். இவற்றை ஜோடியாகத்தான் செய்து, ஜோடியாகத்தான் ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பழக்கி, ஒரே எண்ணைப் பொறித்து விற்பார்கள். ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். இறக்கிப் பார்த்தபோது பழைய ஜோடிக்குப் பல் எல்லாம் செதில் செதிலாகப் போயிருந்தது. பேரிங்குகளும் அவுட்.

பூஜை அன்று காலையில் என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். கடைசிப் பழைய பேரிங்கைப் புல்லர் கருவியை மாட்டி இழுக்கும்போது அது நழுவி அவர் வலது கையில் அடித்தது. இரண்டு விரல். அந்தோணிதான் ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தார். ஆட்கள் இரண்டு பேரும் முந்தின நாளே பண்டிகைக்கு ஆத்தூர்ப் பக்கம் ஊருக்குப் போய்விட்டார்கள்.

விஜயதசமி அன்று மாலை முட்டை ஏற்ற வேண்டும். அதற்கும் மேலே ஒரு காரியம் இருந்தது. அந்தோணியின் மகள் ஜெசிந்தாவுக்கு ஓசூரில் நர்சிங் காலேஜ் கிடைத்திருந்தது. மறுநாள் சேர வேண்டும். அப்பா வண்டியில்தான் போய் இறங்குவேன் என்று அந்தப் பெண் ஒரே பிடிவாதம்.

"பஸ்ல அனுப்பிருங்க அந்தோணி," என்றார் என் வீட்டுக்காரர், கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே.

அந்தோணி தலையை ஆட்டினார். ஆனால் முகம் தொங்கிவிட்டது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நான் கட்டறேனுங்க," என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். நன்றாக, வாய்விட்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

"வாயில சொல்றேன், கையில செய்யறயா?"

"செய்யறேன்."

"நாளைக்கு விஜயதசமி. புதுசா ஒண்ணு ஆரம்பிக்க நல்ல நாளுதான்," என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போகும் முந்தின இரவில் படுத்திருப்பதைப் போலக் கிடந்தேன்.

பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது

இங்கே என் மண்டைக்கனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை என் பொறுப்பு. சுத்தியல், உளி, ஸ்பேனர், ஜாக்கி என்று ஒன்று விடாமல் டீசலில் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசைப்படுத்துவேன். வைத்தது வைத்ததுதான். மறுநாள் காலை பூஜை முடிந்து கற்பூரம் அணைகிற வரை எந்த ஆயுதத்தையும் யாரும் எடுக்கக் கூடாது. கடவுளே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

ஒரு வருடம் பூஜை அன்று சாயங்காலம் டிராக்டர்காரர் ஒருவர் வந்து ஒரே ஒரு ஸ்பேனர் கேட்டு அரை மணி நேரம் நின்றார். கொடுக்கவில்லையே! ஒரு பொட்டலம் பொரி கொடுத்தேன். அதைத் தின்றுகொண்டே திட்டிக்கொண்டு போனார்.

இந்த வருடமும் மதியத்துக்குள் சின்ன ஆயுதங்களை எல்லாம் வைத்தாகிவிட்டது. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்தில்தான் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். டிப்ரன்ஷியல் பிரிந்து கிடந்தது. கிரவுன், பினியன், நான்கு ஸ்டார் கியர்கள், இரண்டு சன் கியர்கள் என்று சின்னப் பல்சக்கரங்கள், போல்ட்டுகள், அப்புறம் அரைவட்டமாக வளைந்த இரண்டு கனத்த இரும்பு மூடிகள். அவற்றை பேரிங் கேப் என்போம். இருபது வருடம் அட்டைப் பெட்டிக்குள்ளேயே பார்த்த சாமான்கள். அத்தனை அழகாக இருந்தன.

விட்டேனா? எல்லாவற்றையும் டீசலில் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று துடைத்தேன். பெரியதில் இருந்து சின்னதுவரை வரிசையாக அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தே என் வீட்டுக்காரர் இடது கையால் ஒரு சிவப்பு இதயம் அனுப்பியிருந்தார்.

அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அந்த போட்டோவை இன்றும் அழிக்கவில்லை, குற்றவாளி தன் கையாலேயே எடுத்துவைத்த சாட்சி அது.

ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு

காலையில் பூஜை முடிந்ததும் ஆரம்பித்தோம். நைட்டியின் மேல் அவருடைய பழைய காக்கிச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

முதலில் என் கடையில் இருந்து எடுத்த புது ஜோடியின் பினியன். அதன் பேரிங்குகளை எண்ணெயில் காய்ச்சித்தான் ஏற்ற வேண்டும். சூட்டில் அது துளி விரியும், அந்த நேரத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். பழைய வாணலியில் ஆயிலை ஊற்றி பேரிங்கைப் போட்டோம். "இன்னுங் கொஞ்ச நேரம்," என்றார் அவர். "காஞ்சிருச்சுங்க," என்றேன் நான். எண்ணெய் காய்ந்ததா இல்லையா என்று எனக்கா சொல்லித்தர வேண்டும்? கம்பியில் மாட்டி எடுத்துத் தண்டின் மேல் வைத்தேன். தப்பென்று போய் உட்கார்ந்தது. நான் ஓவென்று கத்திவிட்டேன். ரோட்டில் போன மொபெட்காரர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து ஸ்டார் கியர், சன் கியர். எல்லாவற்றையும் அவற்றின் கூண்டுக்குள் அடைத்து, கிரவுனை மேலே வைத்து, போல்ட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கினேன். ஒன்றைச் சுற்றினால் எதிர்ப்பக்கம் இன்னொன்று தானாகத் திரும்புகிறது! கடையில் ஆயிரம் முறை விற்றிருக்கிறேன். அது இப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியாது. சும்மாவே நான்கைந்து தடவை சுற்றிப் பார்த்தேன்.

"விளையாடாத புள்ள. வேலையப் பாரு," என்றார். அவருக்கும் சிரிப்புதான்.

கிரவுனைத் தூக்கிக் கூட்டுக்குள் வைத்தோம். இனி இரண்டு பக்கமும் கேப்பை மூட வேண்டும்.

"ஒத்தக் கோடு போட்டது இடது. ரெட்டக் கோடு வலது. சாக்பீஸ்ல போட்டு வெச்சிருக்கறேன், பாத்துப் போடு. மாறிருச்சுன்னா அவ்வளவுதான்," என்றார்.

நான் கேப் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இந்த கேப் இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் தொழிற்சாலையில் கேப்பைக் கூட்டோடு சேர்த்து இறுக்கி வைத்துத்தான் துளையைக் கடைந்து, நட் சுற்றிப் போகும் மரையைப் பாதி கேப்பிலும் பாதி கூட்டிலுமாக வெட்டுவார்கள். அதனால் இடது கேப் இடது பக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தும். மாற்றிப் போட்டால் பேரிங் வட்டமாக உட்காராது. ஓடும்போது சூடேறும். சூடேறினால் ஒரு கட்டத்தில் பேரிங் சிதறி, சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்தோணி ஏறி இறங்கும் தொப்பூர்க் கணவாயில் அப்படி ஆனால் என்னவாகும் என்று இந்தப் பக்கத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் முன்னால் இரண்டு கேப். இரண்டிலும் கோடு இல்லை. இரண்டிலும் சந்தனம், நடுவில் அழகாகக் குங்குமம்.

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால், "சரி, நீ எந்திரி" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். காலையில் இருந்து எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை விட மனம் வரவில்லை. கையில் கிடைத்ததை எடுத்து இடது பக்கம் வைத்தேன். மற்றதை வலது பக்கம் வைத்தேன். பாதிக்குப் பாதி சரியாக இருக்குமே என்று ஒரு நப்பாசை.

அப்போதுதான் அந்த நட் நான்காவது சுற்றில் நின்றது.

இளம்பிள்ளை விரல்

நான் பிறந்தது இளம்பிள்ளையில். வீட்டில் தறி. சின்ன வயதில் என் வேலை, பாவில் அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடுவது. முடிச்சு துளி தடித்துப் போனாலும் சேலையில் தெரியும். அதனால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறை உருட்டிப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்துவிடும். தறியை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. விரல் மட்டும் அதை மறக்கவில்லை.

அந்த விரல்தான் நட்டைத் தொட்டதும் தப்பு என்று சொன்னது. மரை இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழவில்லை. விரல் சொல்கிறது, நான் போகுதுங்க என்கிறேன்.

நீளக் கைப்பிடி போட்ட ஸ்பேனர் ஒன்று பக்கத்தில் கிடந்தது. அதை மாட்டி ஒரு இழு இழுத்தால் நட் போய்விடும். மரை கொஞ்சம் நசுங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கையை நீட்டி அதை எடுத்தும்விட்டேன்.

டிரங்குப் பெட்டி

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அந்தோணியும் ஜெசிந்தாவும் இறங்கினார்கள். புது டிரங்குப் பெட்டி, ஒரு பக்கெட், பாய், தலையணை. அந்தப் பெண் நேராகப் போய் லாரி கேபினில் பெட்டியை ஏற்றிவிட்டு, துள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்களேவா கட்டறீங்க? சூப்பர் ஆன்ட்டி! நேத்து உங்க ஸ்டேட்டஸ் பாத்தேன். கியருக்கெல்லாம் பொட்டு வெச்சு செமயா இருந்துச்சு. என் ஃப்ரண்ட்ஸுக்கெல்லாம் காட்டினேன்."

நான் தலையை நிமிர்த்தவில்லை.

அந்தோணி என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "போன மாசம் தொப்பூர் ஏறுறப்பல்லாம் அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே ஜெபம் பண்ணிக்கிட்டுப் போனேங்கண்ணா. இன்னிக்குப் புள்ள பக்கத்துல உக்காந்து வருது. இனிமே பயம் இல்லீங்க. அக்கா கை வெச்சிருக்காங்க."

அக்கா கை வைத்திருக்கிறாள். ஆமாம், நன்றாகத்தான் வைத்திருக்கிறாள்!

ஸ்பேனரைக் கீழே போட்டேன். இரும்பு சிமென்ட் தரையில் விழுந்த சத்தத்தில் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, அந்தக் கோடு இல்லீங்க. நான் தொடச்சுப்போட்டேன்."

"என்ன கோடு?"

"கேப்புல போட்ட கோடு. பூஜைக்குன்னு டீசல்ல கழுவி, சந்தனம் வெச்சுப்போட்டேன். எது இடது எது வலதுன்னு தெரியாமத்தான் போட்டேனுங்க. நட்டு போகல. போகுதுன்னு பொய் சொல்லிப்போட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூன்று பேர் முன்னால் அழுதேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். கேப்பைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தப்பு என்னுது புள்ள."

"எப்புடீங்க?"

"கேப்பக் கழட்டறதுக்கு முன்னால சென்டர் பஞ்ச்ல புள்ளி குத்தோணும். அதான் முறை. பஞ்ச் எடுக்க வந்தேன். நீ சந்தனம் வெச்சுப்போட்டு, கையத் தட்டிவுட்டியே?"

ஞாபகம் வந்தது. ஆமாம், தட்டிவிட்டேன். பூஜையில் வைத்ததைத் தொடாதீங்க என்று ஒரு அதட்டலும் போட்டேன்.

"உன்றகூட யாரு மல்லுக்கட்டறதுன்னு சாக்பீஸ எடுத்தேன். டீசல் பட்டா சாக்பீஸ் நிக்குமா? முப்பது வருச மேஸ்திரிக்கு இது தெரியாதா? பொண்டாட்டிக்குப் பயந்து போட்ட கோடு, போயிருச்சு."

அந்தோணிதான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

ஒரே விரல்

"சரி, மாத்திப் போடு. நட்டே சொல்லிரும்," என்றார் அவர்.

கேப் இரண்டையும் கழற்றி இடம் மாற்றினேன். சந்தனத்தைத் துடைத்தேன். போல்ட்டை லேசாகப் பிடித்துவைத்து, நட்டைக் கொடுத்து, ஒரே விரலால் தள்ளினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. வெண்ணெயில் போவதுபோல் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்து நட்டும் அப்படியே. "போகுதுங்க! போகுதுங்க! நெசமாவே போகுதுங்க!" என்று நான் கத்தினேன். ஜெசிந்தா கை தட்டினாள்.

என் வீட்டுக்காரர் சென்டர் பஞ்சையும் சுத்தியலையும் எடுத்து என்னிடம் நீட்டினார். இடது கேப்பிலும் அதை ஒட்டிய கூட்டிலும் ஒவ்வொரு புள்ளி. வலதில் இரண்டு இரண்டு. நானே குத்தினேன். இனி ஏழு பூஜைக்குக் கழுவினாலும் போகாது.

விளக்கெண்ணெய்

இன்னும் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தோம். பினியனும் கிரவுனும் பல்லில் எந்த இடத்தில் கடிக்கின்றன என்று பார்க்க வேண்டும். பல்லின் நடுவில் கடிக்க வேண்டும். மேலே கடித்தால் சத்தம், அடியில் கடித்தால் தேய்மானம். அதைப் பார்க்க கிரவுனின் பல்லில் நீல மை தடவிச் சுற்றுவார்கள். கடிக்கிற இடத்தில் மை அழிந்து தடம் தெரியும்.

"நீல மை எடுத்துட்டு வா," என்றார்.

கடைக்குள் போய்த் தேடினேன். ஒரே ஒரு டியூப், அதுவும் காய்ந்து கல்லாகியிருந்தது. என் கடையில் இல்லை என்று நான் யாருக்கும் சொன்னதில்லை! விஜயதசமி அன்று வேறு எந்தக் கடை திறந்திருக்கும்? அவமானத்தோடு திரும்பி வந்தேன். பூஜைத் தட்டு கண்ணில் பட்டது. கிண்ணம் நிறையக் குங்குமம் மீந்திருந்தது.

விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தேன். பசை மாதிரி வந்தது. நான்கைந்து பல்லுக்குத் தடவினேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தோணி மரக்கட்டையால் கிரவுனை லேசாகத் தடுத்துப் பிடிக்க, நான் பினியனைச் சுற்றினேன். முன்னால், பின்னால். குனிந்து பார்த்தோம். சிவப்புக்கு நடுவில் பளிச்சென்று இரும்புத் தடம். ஆனால் பல்லின் மேல் விளிம்பை ஒட்டி நின்றது.

"பினியன் இன்னுங் கொஞ்சம் உள்ள போகோணும். அதோட கூட்டுக்கு அடியில ஒரு ஷிம் எடு," என்றார்.

ஷிம் என்பது காகிதக் கனத் தகடு. ஒன்றை உருவினேன். மறுபடி மூட்டி, இரண்டு பக்க நட்டையும் ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் இறுக்கி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இரண்டு தலைமுடிக் கனத்துக்கு இடைவெளி வைத்தோம். மறுபடி குங்குமம். மறுபடி சுற்றினேன்.

நடுவில். பல்லுக்கு நட்டநடுவில், ஒரு பாக்கு அளவுக்குத் தடம்.

"அப்புடிப் போடு அம்மிணி!" என்று என் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையால் மேஜையைத் தட்டி, வலி தாங்காமல் துள்ளினார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கல்யாணத்தில் அவர் எனக்குப் பொட்டு வைத்தபோதுகூட அப்படி ஒரு பூரிப்பு இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கை வைத்துப் பார்

குங்குமத்தை எல்லாம் கழுவித் துடைத்து, நட்டுக்குப் பூட்டுத் தகடு போட்டு, சங்கிலிக் கப்பியில் தூக்கி அச்சுக்குள் மாட்டி, ஆயில் ஊற்றி முடித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. ஆண்டகளூர் கேட் வரை ஓட்டிப் பார்த்தோம். கேபினில் ஜெசிந்தாவின் டிரங்குப் பெட்டி மேல் நான். ஐம்பது. அறுபது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். காற்றுச் சத்தம் மட்டும்தான்.

திரும்பி வந்ததும் அச்சின் நடுக்கூட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். கை பொறுக்கும் சூடு என்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. கையை வெடுக்கென்று எடுக்கவைத்தால் உள்ளே ஏதோ தப்பு. வைத்துப் பார்த்தேன். பொறுத்தது. ஆனால் இது வெற்று வண்டி, மட்டமான ரோடு. முட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் ஏறும்போதுதான் உண்மை தெரியும்.

"மேல ஏறி முடிச்சதும் ஓரங்கட்டி நிறுத்திக் கை வெச்சுப் பாத்துட்டுக் கூப்பிடுங்க அந்தோணி. மறந்தறாதீங்க சாமி," என்று மூன்று முறை சொன்னேன். நாலரை மணிக்கு முட்டை ஏற்றிக்கொண்டு லாரி எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. ஜன்னலில் இருந்து ஜெசிந்தா கையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு நான் வேலை என்று ஒன்றும் செய்யவில்லை. டீ போட்டேன், குடிக்கவில்லை. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். இப்போது சேலத்தைத் தாண்டியிருப்பார்கள், இப்போது ஓமலூர், என்று என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பொழுது சாய்ந்து சாமி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

அந்தோணி நம்பர்தான். பேசியது அவருடைய மகள்.

"ஆன்ட்டி, தொப்பூர் ஏறிட்டோங்க. அப்பா இறங்கப் போனாரு. நான்தான் கை வைப்பேன்னு நானே வண்டிக்கு அடியில போய் வெச்சுப் பாத்தேன்."

"எப்புடி இருக்குது கண்ணு?"

"நாய்க்குட்டி வயித்துல கை வெச்ச மாதிரி வெதுவெதுன்னு இருக்குங்க ஆன்ட்டி. கைய எடுக்கவே மனசு வரல."

போனை வைத்துவிட்டு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னங்கறா?" என்றார் என் வீட்டுக்காரர். "சூடு எப்புடியாம்?"

நகக்கண்ணில் குங்குமம் போகாத என் உள்ளங்கையை எடுத்து, அவருடைய நல்ல கையின் மேல் வைத்தேன்.

"இவ்வளவுதானாமுங்க," என்றேன்.